படத்துக்குக் கீழே ஒரு வரி

ஜூன் 3

கேமரா சர்வீஸுக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள். ஷட்டர் போய்விட்டது. "ரெண்டு வாரம் ஆகும்" என்றார்கள். எந்த இரண்டு வாரம் என்று கேட்டிருக்க வேண்டும்.

கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்த 32 படங்களும் பிரிண்ட் ஆகி மேசையில் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கேப்ஷன் எழுதித் தர வேண்டும். பேனாவோடு உட்கார்ந்தால் அத்தனை படமும் வாயை மூடிக்கொள்கிறது. சரி, வேலையைத் தள்ளிப்போட இருக்கவே இருக்கிறது புத்தக அலமாரி. படங்களை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பது பற்றி ஜான் பெர்ஜர் எழுதிய 'வேஸ் ஆஃப் சீயிங்' முதலில் கைக்கு வந்தது.

ஜூன் 4

1972இல் வந்த புத்தகம். இது எனக்கு நான்காவது வாசிப்பு. ஆனாலும் அந்த ஒரு பக்கம் வரும்போது வேகம் தானாகக் குறைகிறது. வான்கோவின் கோதுமை வயல் ஓவியம். வயலிலிருந்து பறவைகள் கிளம்புகின்றன. கொஞ்ச நேரம் பாருங்கள், பிறகு பக்கத்தைப் புரட்டுங்கள் என்கிறார் பெர்ஜர். புரட்டினால் அதே ஓவியம், அடியில் கையெழுத்தில் ஒரு வரி: வான்கோ தற்கொலை செய்துகொள்வதற்கு முன் கடைசியாக வரைந்த ஓவியம் இது.

அவ்வளவுதான். பறவைகள் காக்கைகளாகிவிடுகின்றன, வானம் கறுத்துவிடுகிறது. ஓவியம் அந்த வரிக்கு எடுபிடியாகிவிடுகிறது. பெர்ஜர் சொல்லவந்ததும் இதைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அது அவருடைய கடைசி ஓவியம் கிடையாது. 1890 ஜூலையில் அவர் கடைசியாக வரைந்தது 'மரவேர்கள்' என்பதுதான் ஆய்வாளர்களின் இன்றைய முடிவு. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இன்றும் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன், இன்றும் வானம் கறுத்தது. வரி பொய் என்று தெரிந்த பிறகும் அது படத்தை விட்டு இறங்க மறுக்கிறது.

சாயங்காலம் ஒரு சோதனை செய்தேன். 32இல் ஒன்று, படிக்கட்டில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு. ஒரு துண்டுக் காகிதத்தில் 'பள்ளி விடுமுறையின் முதல் நாள்' என்று எழுதிக் கீழே வைத்தேன். சிரிப்பு வந்தது. அதை எடுத்துவிட்டு 'வெள்ளம் வடிந்த மறுநாள்' என்று வைத்தேன். என்னாலேயே அதிக நேரம் பார்க்க முடியவில்லை. உண்மையில் யாரோ ஒரு குழந்தை ஒற்றைச் செருப்போடு மாடிக்கு ஓடியிருந்தது. அதற்கு மேல் அதில் கதை இல்லை.

ஜூன் 6

சூசன் சொன்டாக், 'ஆன் ஃபோட்டோகிராஃபி', 1977. புகைப்படத்தைப் பற்றிய புத்தகத்தில் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. முதல் தடவை படித்தபோது இது திமிர் என்று நினைத்தேன். இன்றும் பாதித் திமிர்தான் என்று தோன்றுகிறது, ஆனால் மீதிப் பாதி நியாயம்.

கேமராவுக்குப் பேசும் லோட், எய்ம், ஷூட் என்ற ஆங்கிலச் சொற்கள் துப்பாக்கிக்கும் பொருந்துவதை அவர் கவனிக்கிறார். நம் தமிழில் துப்பாக்கி இல்லை. நாம் படம் எடுக்கிறோம் அல்லது பிடிக்கிறோம். எடுப்பது என்றால் யாரிடமிருந்தோ எடுப்பது. 'பிடிப்பது' இன்னும் கெட்டிக்காரச் சொல். திருடனையும் பிடிக்கலாம், ஒருவரை நமக்குப் பிடிக்கவும் செய்யலாம். நான் பிடித்த படம், எனக்குப் பிடித்த படம். இரண்டையும் நான் எத்தனை முறை குழப்பிக்கொண்டிருக்கிறேன் என்பது இந்த மேசையைப் பார்த்தாலே தெரியும்.

2003இல் எழுதிய இன்னொரு நூலில், இதில் சொன்ன சிலவற்றைத் தானே கேள்வி கேட்கிறார் சொன்டாக். அந்தத் துணிச்சலுக்காகவே பாதித் திமிரை மன்னித்துவிடலாம்.

ஜூன் 7

சர்வீஸ்காரர்கள் போனை எடுக்கவில்லை.

ஜூன் 10

ரோலான் பார்த்தின் 'கேமரா லூசிடா'வை மூன்று நாளாகப் படித்தேன். சின்னப் புத்தகம், ஆனால் வேகமாகப் படிக்க விடாது. ஒரு படத்தில் பார்ப்பவரைச் சுருக்கென்று குத்தும் சின்ன விவரத்துக்கு அவர் வைத்த சொல் 'பங்டம்'. அதைக் கண்காட்சித் திறப்புகளில் எல்லோரும் உதிர்ப்பார்கள். நானும் உதிர்த்திருக்கிறேன், பாதிப் புத்தகம் மட்டுமே படித்திருந்த நாட்களில். முக்கியமான விஷயம் இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

1977இல் அவருடைய அம்மா இறந்துபோகிறார். மகன் பழைய படங்களைப் புரட்டுகிறார். எல்லாவற்றிலும் அம்மா மாதிரி ஒருத்தி இருக்கிறாள், அம்மா இல்லை. கடைசியில் அம்மாவின் ஐந்து வயதுப் படம் ஒன்று கிடைக்கிறது. கண்ணாடிக் கூரையிட்ட தோட்டக் கூடம், பக்கத்தில் அண்ணன். அதில்தான் அம்மா இருக்கிறார்.

அந்தப் படத்தை மட்டும் அவர் புத்தகத்தில் போடவில்லை. மற்றவர்களுக்கு அது இன்னொரு பழைய படம், அவ்வளவுதான் என்கிறார். முன்பு இதை ஏமாற்று வேலை என்று சொல்லி நண்பர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். இந்த முறை வேறு மாதிரி தெரிந்தது. இல்லாத ஒரு படத்துக்கு எழுதப்பட்ட மிக நீளமான கேப்ஷன் இந்தப் புத்தகம். புத்தகம் வந்த 1980இலேயே, சில வாரங்களில், அவரும் போய்விட்டார்.

நான் யாருக்கும் காட்டாத படம் ஒன்று உண்டு. 32இல் அது இல்லை.

ஜூன் 12

குறுந்தொகைக்குப் போனேன். இதுவும் வேலையைத் தள்ளிப்போடத்தான், ஆனால் போன இடத்தில் வேலை காத்திருந்தது.

நாற்பதாவது பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். செம்புலப் பெயல்நீர். எழுதியவரின் பெயர் தொலைந்து, அந்தக் காட்சியே பெயராகிச் செம்புலப் பெயனீரார் ஆனார். பக்கத்திலேயே 41ஆம் பாட்டு. ஆள் போன வீட்டின் முற்றத்தில் அணில் ஆடுகிறது. அவர் அணிலாடு முன்றிலார். இதைவிட நல்ல ஃப்ரேம் நான் வைத்ததில்லை. எடுத்தவர் பெயர் போய், எடுத்த படம் பெயராக நிற்பது எந்தப் புகைப்படக்காரனுக்கும் பொறாமை தரும்.

ஆனால் இன்று கண் நின்றது பாட்டில் இல்லை, அதற்கான குறிப்பில். தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள், அதைக் கண்டு தலைவன் சொன்னது என்கிறது நாற்பதாம் பாட்டின் கூற்றுக் குறிப்பு. பாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் அச்சம் என்ற பேச்சே இல்லை. பேசுவது ஆணா பெண்ணா என்றுகூடப் பாட்டு சொல்வதில்லை. எல்லாம் குறிப்பு சொல்வதுதான். பிற்காலத்தில் பாட்டுகளைத் தொகுத்தவர்களோ படித்தவர்களோ சேர்த்த ஒரு வரி, இத்தனை நூற்றாண்டுகளாக அந்தக் காதலை ஆறுதல் வார்த்தையாக ஆக்கிவைத்திருக்கிறது. குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, அவள் பேசுவதாக நினைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

குறிப்பு வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த அச்சம் எனக்கும் பிடித்திருக்கிறது.

ஜூன் 14

ராபர்ட் ஃபிராங்கின் புகைப்படப் புத்தகம், 'தி அமெரிக்கன்ஸ்'. 83 படங்கள். 1958இல் பாரிஸில் முதலில் வந்தபோது படங்களோடு அமெரிக்காவைப் பற்றிப் பலர் எழுதிய பத்திகளையும் சேர்த்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பத்திகள் போய்விட்டன. முன்னுரையைத் தவிர, படத்துக்கு ஓர் ஊர்ப் பெயரும் ஓரிரு சொற்களும்தான். எனக்கு இரண்டாவதுதான் புத்தகம்.

ஃபிராங்க் மாதிரி எழுதினால் 31 கேப்ஷன் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். எழுதியும் விட்டேன். இடம், மாதம், 'படிக்கட்டு'. மீதி இருப்பது பதினேழாவது.

ஜூன் 15

பதினேழாவது, மழைக்கு ஒதுங்கி நிற்கும் ஒரு வயதான பெண். நேராக என்னைப் பார்க்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

டோரத்தியா லாங்கேயின் புகழ்பெற்ற படம் நினைவுக்கு வந்தது. 1936, பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம், குழந்தைகள் தோளில் முகம் புதைக்க உட்கார்ந்திருக்கும் தாய். பெயரையோ கதையையோ கேட்கவில்லை என்று லாங்கேயே பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்தத் தாய் காரின் டயர்களை விற்றுச் சாப்பாடு வாங்கியதாகவும் எழுதினார். தாயின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிய 1978 ஆனது. டயர் விற்ற கதையை அந்தக் குடும்பம் மறுத்தது. 42 வருடம் அவர் பெயரில்லாமல், தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு கதையோடு உலகமெல்லாம் அச்சாகிக்கொண்டிருந்தார்.

'காத்திருப்பு' என்று எழுதி அடித்தேன். 'மழை' என்று எழுதி அதையும் அடித்தேன். அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மழை விட்டதும் போய்விட்டார். பின்னால் ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். நான் திரையில் ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17

பட்டியலை அனுப்பியாயிற்று. மதியம் கண்காட்சி நடத்துபவர் கூப்பிட்டார்.

"சார், பதினேழுல 'பெயர் கேட்கவில்லை'ன்னு இருக்கு. நாங்க கேட்கலைங்கிறீங்களா?"

"நான் கேட்கலை. அதுதான் கேப்ஷன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், எழுத்துரு என்ன அளவில் வேண்டும் என்று கேட்டார்.

கேமரா நாளை வருகிறதாம்.