மேசி அவெனியூவில் 56 கதவுகள்

ரொறன்ரோவுக்கு வந்திறங்கும் எங்கள் ஆட்களில் பலருக்கு முதல் முகவரி யாராவது ஒருவர் வீட்டின் பேஸ்மன்ட்தான், அதாவது நிலத்துக்குக் கீழே உள்ள தளம். ஸ்காபரோவில் எனக்கும் அப்படித்தான். யன்னல் கூரையோடு ஒட்டி இருந்தது. பனி கொட்டினால் அதுவும் மூடிக்கொள்ளும். பகலிலும் விளக்குப் போட வேண்டும். சுவருக்கு அப்பால் சூடாக்கி உறுமிக்கொண்டே இருக்கும். மேல்வீட்டு அக்கா அன்பானவர். ஆனாலும் கருவாடு பொரிக்க முன்னர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்தது. இடம் சிறியது என்பதைச் சில நாட்களில் மறந்துவிடலாம். வாசற்கதவு இன்னொருவருடையது என்பதை மறக்கவே முடியாது.

அதனால்தான் விக்டோரியா பார்க், டன்ஃபோர்த் பக்கம் மேசி அவெனியூவில் எழுந்த மூன்று மாடிக் கட்டடத்தை அக்கறையோடு கவனித்தேன். வீடில்லாமல் இருந்தவர்களுக்காக மாநகர சபை கட்டியது. 2020 வசந்தத்தில் அறிவித்தார்கள். அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் ஆட்கள் குடியேறிவிட்டார்கள். 56 வீடுகள். ஒவ்வொன்றும் ஒற்றை அறைதான், ஆனால் தனிச் சமையலறை, தனிக் குளியலறை, வெளிச்சம் வரும் யன்னல். சுவர், தரை, குழாய், மின்கம்பி எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்திய பெட்டகங்கள் லொறியில் வரும். பாரந்தூக்கி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். இங்கே அத்திவாரம் தோண்டும்போதே அங்கே அறை தயாராகிக்கொண்டிருக்கும். இரண்டு பெட்டகங்கள் சேரும் இடத்தில் இரட்டைச் சுவர் வந்துவிடுவதால் பக்கத்து வீட்டுச் சத்தமும் குறையும். பேஸ்மன்டில் இருந்தவருக்கு இதன் அருமை தெரியும்.

இதே போல ரொறன்ரோவின் வில்லோடேல் பகுதியில் கம்மர் அவெனியூவில் 59 வீடுகள் கட்ட 2021இல் சபை ஒப்புதல் கொடுத்தது. அயலவர்கள் எதிர்த்தார்கள். பசும்புல்வெளி போகிறது, பக்கத்து முதியோர் குடியிருப்புக்கு இடைஞ்சல் என்றார்கள். விவகாரம் ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயம் வரை போய், 2024இல்தான் சபைக்குச் சாதகமாக முடிந்தது. அதுவரை செய்து முடித்த பெட்டகங்கள் காசு கொடுத்துக் காக்கப்பட்டுக் களஞ்சியத்தில் கிடந்தன. அதே நகரத்தின் பூங்காக்களில் மனிதர்கள் கூடாரம் அடித்துக் குளிரில் படுத்தார்கள். அறை இல்லாததால் அல்ல, அதை வைக்க நிலம் விடாததால்! இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கட்டடத்துக்குக் கருத்துக் கேட்டுக் கூட்டம் வைத்தால் நான் போவேன். எதிர்க்க வருகிறவர்களில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள், இன்று வீட்டுச் சொந்தக்காரர்கள், அன்று பேஸ்மன்டில் இருந்தவர்கள். அவர்களோடு பேசத்தான் முக்கியமாகப் போவேன்.