ஒரு முற்றுகை, மூன்று நாட்காட்டிகள்

1748 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியை முற்றுகையிட்ட காலம்தான் நான் எழுதும் நாவலின் களம். கதையில் ஒரு மந்திரவாதி உண்டு, கடலுக்கடியில் ஒரு நகரமும் உண்டு. இந்த மாதிரிக் கதைக்கு ஆவணக் காப்பகம் எதற்கு என்று கேட்பார்கள். மந்திரவாதி எந்தத் தெருவில் நடக்கிறான், அன்றைக்கு நிலா இருந்ததா, மடியில் முடிந்திருந்த காசு எது என்பதிலெல்லாம் கோட்டை விட்டால், அவன் கடலைப் பிளக்கும்போது வாசகர் கொட்டாவி விடுவார்.

முதல் வேலை தேதி. சிக்கல் அதிகமும் அங்கேதான்.

முற்றுகைக்கு மூன்று தரப்புப் பதிவுகள் இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, பிரெஞ்சுக் கும்பனியின் கடிதங்கள், பன்னிரண்டு கல் தெற்கே கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையின் ஆங்கிலேயக் குறிப்பேடுகள். 1746-இல் சென்னை பறிபோனபின் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு அந்தக் கோட்டைதான் தலைமையிடம். பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன் நாட்காட்டியில் எழுதினார்கள். ஆங்கிலேயர்கள் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியனை விடவில்லை. ஆக, ஒரே நாள் கடலூர் ஏட்டில் 11 நாள் பின்தங்கி நிற்கும். சென்னை வீழ்ந்த நாளைப் பாருங்கள்: பிரெஞ்சுக் கணக்கில் 1746 செப்டம்பர் 21, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. இது தெரியாமல் இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் வைத்து எழுதினால், குண்டு விழுந்து பதினோரு நாள் கழித்துப் பீரங்கி வெடிக்கும். ஆங்கிலேயருக்கு அப்போது புத்தாண்டு மார்ச் 25 என்பதையும் மறக்கக்கூடாது. ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களில் போன வருடத்தின் எண் இருக்கும்.

இந்தக் குழப்பத்தில் கைகொடுப்பது கிழமை. எந்த நாட்காட்டியிலும் கிழமைச் சுழற்சி அறுபடவில்லை. மேலே சொன்ன 21-ம் புதன்தான், 10-ம் புதன்தான். பிள்ளையின் நாட்குறிப்புத் தொடங்குவது 1736 செப்டம்பர் 6, நள வருடம் ஆவணி 25, வியாழன். கிழமை ஒத்துவராத தேதியை எந்தப் புத்தகத்தில் கண்டாலும் அதைத் தாளில் ஏற்றாதீர்கள், மூலத்துக்குப் போங்கள்.

தமிழ்த் தேதியை இன்றைய காலண்டரை வைத்து மாற்றக்கூடாது. இப்போது ஆவணி 1 ஆகஸ்ட் 17-ஐ ஒட்டி வருகிறது. அந்நாளில் 13-ஐ ஒட்டி வந்தது. நம் சூரிய ஆண்டு கிரிகோரியனைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால் இத்தனை ஆண்டுகளில் நான்கு நாள் நகர்ந்துவிட்டது. அறுபது வருடப் பெயர்களுக்கு எளிய வழி, தெரிந்த ஆண்டிலிருந்து 60-இன் மடங்கைக் கழிப்பது. 1988 சித்திரையில் பிறந்தது விபவ; 240-ஐக் கழித்தால் 1748. முற்றுகை முழுவதும் விபவ வருடம் ஆவணி, புரட்டாசி, ஐப்பசிக்குள் அடங்கிவிடுகிறது.

எக்செல்லில் ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 31 வரை 92 வரிசைகள் போடுங்கள். பத்திகளாகக் கிழமை, பிரெஞ்சுத் தேதி, ஆங்கிலேயத் தேதி, தமிழ்த் தேதி, நிலா, நடந்தது, சொன்னது யார். நிலாவுக்கு ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருள் போதும். இடத்தைப் புதுச்சேரி என்று வைத்துவிட்டுப் பிரெஞ்சுத் தேதியைக் கொடுக்கவேண்டும். அந்த மென்பொருள் 1582-க்குப் பிறகு கிரிகோரியனில்தான் ஓடும். கடலூர்த் தேதியை அப்படியே கொடுத்தால் அமாவாசை இரவில் நிலா காயும். இன்னொன்று, நம் நாள் சூரிய உதயத்தில் பிறப்பது. செவ்வாய் நள்ளிரவு தாண்டி நடந்ததைத் துரை புதன் என்று எழுதுவார். நம்மவருக்கு விடியும்வரை அது செவ்வாய்தான். இரவுக் காட்சிகளில் இந்த ஒரு நாள் பிசகு அடிக்கடி வரும்.

நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது, இணையத்தில் கிடைக்கிறது. சம்பவங்களுக்கு அது போதும். பேச்சுக்குப் போதாது, தமிழ்ப் பதிப்பைப் படித்தே ஆகவேண்டும். பழைய கணக்கோ கையெழுத்துப் பிரதியோ கைக்கு வந்தால், ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி என்ற குறிகளை முதலில் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ௨௰௫ என்றால் 25. ௰ பத்து, பூச்சியம் இல்லை. அதை 205 என்று படிப்பவர்கள் உண்டு. ஓலையில் புள்ளி கிடையாது, எகர ஏகாரத்துக்கு வித்தியாசம் கிடையாது, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆட்பெயர்களைப் படிக்கும்போது இது படுத்தும்.

அடுத்தது ஊர். இன்று கேமராவோடு சுற்றுகிற வெள்ளை நகரம் 1748-இன் நகரம் இல்லை. 1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் பெரிய கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மஞ்சள் சுவர்களில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுந்தவை. பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தது, கலங்கரை விளக்கம் 1836, மிஷன் வீதி மாதா கோயிலின் இப்போதைய கட்டடம் 1791. மிஞ்சியதில் உருப்படியானவை ரங்கப்பிள்ளை வீதியில் பிள்ளையின் வீடும், டச்சுக்காரர் 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்தபோது போட்ட கட்டம்கட்டமான தெரு அமைப்பும்தான். அந்த மாதா கோயிலை ஒட்டி இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இதே முற்றுகையின்போது, 1748 செப்டம்பரில் இடிக்கப்பட்டது. அதைக் கதையில் தொடாமல் போகவும் முடியாது, அலங்காரத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது.

பழைய வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்த க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். குறைந்தது நான்கு புள்ளிகள் வேண்டும், தெருச் சந்திப்புகளை எடுங்கள். கடற்கரையை எடுக்கவே வேண்டாம், கரை நகர்ந்திருக்கிறது. பிரெஞ்சு வரைபடத்தின் அளவுகோல் துவாஸில் இருக்கும். ஒரு துவாஸ் 6 பிரெஞ்சு அடி, அதாவது 1.949 மீட்டர். பிரெஞ்சு அடி 32.48 சென்டிமீட்டர் என்பதால், ஆங்கில அடி என்று நினைத்துப் போட்டால் கோட்டைச் சுவர் சுருங்கிவிடும்.

கரையில் சவுக்குத் தோப்பு வைத்துவிடாதீர்கள், அது அடுத்த நூற்றாண்டுச் சரக்கு. பனையும் தாழையும் போதும். கப்பல் அணையும் பாலம் கிடையாது; கப்பல் தூரத்தில் நங்கூரம் போட, சலங்கு என்ற படகில் ஆளும் சரக்கும் வரும். சலங்கின் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள், அப்போதுதான் அலை மோதும்போது வளைந்துகொடுக்கும். ஐப்பசி பிறந்தால் பெரிய கப்பல்கள் கரையை விட்டு விலகும். பாஸ்கவன் முற்றுகையைக் கைவிட்டதில் மழைக்கும் பங்கு உண்டு. சமையலில் மிளகாய் போடலாம், தக்காளியும் உருளைக்கிழங்கும் கூடாது. நெருப்புக்குச் சக்கிமுக்கிக் கல். மடியில் ரூபாய் என்றால் 1736-இல் கிடைத்த உரிமையின்படி புதுச்சேரியிலேயே அடித்த பிறைக்குறி ஆற்காட்டு ரூபாய். வராகன் என்ற பொற்காசும் பணம் என்ற சிறு காசும் கூடவே புழங்கின. வராகனுக்கு இத்தனை பணம் என்பது ஊருக்கு ஊர் மாறும், சென்னைக் கணக்கை இங்கே போடக்கூடாது. சிப்பாய் நம்மூர்க்காரர், சொல்தா வெள்ளைக்காரர்.

மாயத்துக்கான சரக்கையும் இந்த மண்ணிலேயே தேடலாம். வெளியூர்ப் பறவைநாகம் வேண்டியதில்லை. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை நிலம் ஆங்கிலேயருக்கு என்று பேச்சு. சுற்றிலும் சுட்டார்கள், குண்டுக்குள் வந்தவை குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. இதைவிடச் சுத்தமான மந்திர எல்லையை யார் கற்பனை செய்வது? கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் மிதந்து கரையேறியது திருப்பாதிரிப்புலியூரில். அதே ஊர் என்று ஆய்வாளர்கள் பலர் கருதும் பாடலிகையில், சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், சர்வநந்தி லோகவிபாகம் என்ற சமண நூலை எழுதி முடித்தார். தீவுகளும் கடல்களும் வளையம்வளையமாகச் சூழ்ந்த உலகத்தின் அமைப்பைச் சொல்வது அது. மூலப் பிராகிருதம் இல்லை, சிம்மசூரியின் சம்ஸ்கிருத வடிவம்தான் உண்டு. தொலைந்த மூலம் கடலுக்கடியில் கிடக்கிறது என்று எழுத எந்த ஆவணமும் தடையில்லை.

மந்திரவாதிக்கு முதலில் யந்திரத் தகடு கொடுத்திருந்தேன், அந்த இடமும் மாறியது. வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1769 ஜூன் 4 அன்று மேகம் மறைத்து ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, புதுச்சேரியில் இருந்தபோது ஒரு தமிழரிடம் கிரகணம் கணிக்கக் கற்றுக்கொண்டார். 1825-இலும் இங்கே ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளை நகர்த்தி, மனப்பாட வாக்கியங்களைச் சொல்லியபடியே சந்திர கிரகணத்தைக் கணித்ததை, நம் காலக் கணக்குகளை ஆராய்ந்த ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. எழுபத்தேழு வருடம் பின்னோக்கித் தள்ளி, அந்தச் சோழிகளை 1748-க்குக் கொண்டுபோவதில் தவறில்லை, முறை அதைவிடப் பழையது. குண்டு விழும் இரவில், விளக்கை அணைத்த திண்ணையில், விரலால் தடவியே அவன் கணக்குப் போடலாம். அன்று பிறை எத்தனை என்பதை மட்டும் 92 வரிசைத் தாளில் பார்த்துவிட்டு எழுதவேண்டும்.