காய் விட்டவர்கள் மெழுகுவத்தி ஏற்றலாமா?

"ஓ மை காஷ்!"

நாகப்பட்டினத்தில் வேளாங்கண்ணி பஸ்ஸில் ஏறியதும், உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்துச் சின்னவன் போட்ட கூச்சல் இது. செபமாலை உருட்டிக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்தார். "என்னடா காசு? டிக்கெட்டுக்குத்தான் உங்கம்மா குடுத்துட்டாளே?"

திருவிழா கூட்டம் ஆகாது என்று ஜூன் மாதத்தில் கிளம்பியிருந்தோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 வரை அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது. ஜூனிலும் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

காசு இல்லை, 'காஷ்' என்று விளக்கினேன். கடவுள் பெயரை வீணாகச் சொல்லாதே என்பது கட்டளை. வெள்ளைக்காரப் பக்தர்களுக்கோ ஆச்சரியம் வந்தால் 'காட்' என்று வாய் தவறிவிடும். கடைசி எழுத்தைத் திருகி 'காஷ்' ஆக்கிக்கொண்டார்கள். 'ஜீசஸ்' தேய்ந்து 'ஜீ' ஆனதும் இப்படித்தான். அம்மா யோசித்தார். "எழுத்தை மாத்திட்டா ஆண்டவருக்குத் தெரியாதாக்கும்?"

சொல்லி முடிக்கவில்லை, பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. "சேசு மரி சூசை!"

"அம்மாச்சி, மூணு பேரு ஒரே தடவையில!" என்றான் பேரன்.

"அது செபம்டா" என்றார். நான் வெளியே பார்க்கத் தொடங்கினேன்.

அவன் கை சும்மா இருக்காது. அக்காவின் செபமாலையைக் கைக்குட்டையில் சுருட்டி, "ஹோகஸ் போகஸ்" என்று ஊதினான். வித்தை பலித்துவிட்டது, மாலையைக் காணோம். சீட்டுக்கு அடியில் பத்துப் பதினைந்து கால்களுக்கு நடுவே நான் தவழ்ந்து தேடியதை மாதா மட்டுமே அறிவார். அந்த மந்திரத்துக்கும் கோயில் வாசனை உண்டு. பூசையில் குருவானவர் அப்பத்தை ஏந்தி லத்தீனில் சொல்லும் 'ஹோக் எஸ்ட் கோர்ப்புஸ்' (இது என் உடல்) என்பதைக் கேலி செய்து வந்ததுதான் 'ஹோகஸ் போகஸ்' என்று 1694-இல் இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் திருச்சபைத் தலைவரான கேன்டர்பரி பேராயர் டில்லட்சன் எழுதினார். அது அவருடைய ஊகம். கத்தோலிக்கர்களை இடிக்க அவருக்கு ஒரு சாக்கும் ஆயிற்று. லத்தீன் பூசையில் வளர்ந்த என் அம்மாவிடம் இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

மாலை கிடைத்தது. ஆனால் மூத்தவள் சுண்டுவிரலை நீட்டிவிட்டாள். "உன்கூட காய்!"

பேராலயத்தின் வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்தபோதும் காய். கால் ஊனமான மோர்க்காரப் பையனுக்கு மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லும் நடுத்திட்டின் கதையை அம்மா சொன்னபோதும் காய். மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலிட்டே நகர்ந்தவர்களைப் பார்த்து இருவரும் வாயடைத்து நின்றார்கள், ஆளுக்கொரு ஓரத்தில்.

எனக்கு அந்தச் சொல்லே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பழுக்காதது காய், பழுத்தால் பழம். சண்டைக்கும் சமாதானத்துக்கும் பிள்ளைகள் வைத்த பெயர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் பழந்தமிழில் 'காய்தல்' என்றாலே சினத்தல், வெறுத்தல். நடுவுநிலைமையை இன்றும் 'காய்தல் உவத்தல் இன்றி' என்கிறோம். புலவர்கள் புழங்கிய வினைச்சொல் தெருவில் கோலி விளையாடும் பிள்ளைகள் வாயில் தங்கிவிட்டதோ? எனக்கு அப்படி நம்பத்தான் ஆசை. பழம் அப்புறம் ஜோடிக்காக வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். காய் என்று ஒன்று இருந்தால் அது பழுத்துத்தானே ஆக வேண்டும்!

மெழுகுவத்தி வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தேன். அம்மா இரண்டையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"காணிக்கை கொண்டுவர்றப்போ சகோதரனுக்கு உன்மேல மனத்தாங்கல் இருந்தா, காணிக்கையை அங்கேயே வச்சிட்டுப் போய் முதல்ல சமாதானமாகுன்னு சேசு சொல்லியிருக்கார். மத்தேயு அஞ்சாம் அதிகாரம்."

"சகோதரன்னுதானே? நான் அக்கா" என்றாள் மூத்தவள்.

"அவன்தான் சகோதரன். போ."

சின்னவன் ஏற்கெனவே இரண்டு விரலை நீட்டிக்கொண்டு நின்றான். மெழுகுவத்தி ஏற்றும் அவசரம் அவனுக்கு. அவள் மாதா கோயில் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் இரண்டு விரலால் மனசில்லாமல் தொட்டாள். பழம். அம்மா மெழுகுவத்திகளைத் திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே பட்டுப்புடவையில் நின்ற மாதாவைப் பார்த்ததும் நான் வேண்டிக்கொள்ள வைத்திருந்த பட்டியல் மறந்துபோனது. சென்ற வருடத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத என் நாத்தனாரின் முகம்தான் வந்தது. வெளியே வந்து போனை எடுத்தேன். எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அழைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் யாருக்கு என்று தொடங்கியது. புயலில் சிக்கி, மாதாவை வேண்டி இந்தக் கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் போர்த்துக்கீசியர்களின் மொழியிலிருந்து வந்த சொல்தான் ஜன்னல் என்று சமாதானப்படுத்தப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. நாகப்பட்டினம் வருவதற்குள் மறுபடி காய்.