டெய்சிக்கு ஒரு பெர்மிட்

அலுவலக நண்பனுக்கு ஹூஸ்டனிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு மாற்றல். அவன் வளர்த்த டெய்சி என்ற மலைப்பாம்பை அங்கே கொண்டுபோக முடியாது. எவர்கிளேட்ஸ் சதுப்பில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்த ஊர் அது. பெரிய மலைப்பாம்புகளைச் செல்லமாக வளர்க்க அங்கே தடை. டெய்சி ரெடிக்குலேட்டட் பைதான், சுருக்கமாக ரெடிக் என்கிற பெரிய மலைப்பாம்பு வகை. 13 அடி, 24 கிலோ. இந்த இனத்தில் பெட்டை 20 அடியைக்கூடத் தாண்டும்.

நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். "நான் தொட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸில் வளர்க்கலாம், ஆனால் பெர்மிட் வேண்டும். அது கையில் வராமல் பாம்பைத் தர மாட்டேன் என்று நண்பன் சொல்லிவிட்டான். வேட்டை, மீன்பிடி லைசென்ஸ் விற்கிற கவுன்டரிலேயே கிடைக்கும். 20 டாலர் சொச்சம். முதல் நாள் அங்கிருந்த பையன் "பாம்புக்கா?" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். இரண்டாம் நாள் ஓர் அம்மா. பத்து நிமிடம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, விஷமில்லாத பாம்புக்கு எதுவும் தேவையில்லை என்று அடித்துச் சொன்னார். தப்பு. வெளிநாட்டு விஷப்பாம்புகள் இருக்கும் அதே பட்டியலில்தான் ரெடிக்கும் பச்சை அனகொண்டாவும் இருக்கின்றன. மூன்றாம் நாள் மாநில வனவிலங்குத் துறையின் விதியை அச்செடுத்து, அந்த வரிக்கு மஞ்சள் கோடு போட்டு எடுத்துப் போனேன். சிரித்த அதே பையன்தான். இரண்டே நிமிடத்தில் கொடுத்தான், ஆனால் வியாபாரத்துக்கான பெர்மிட்டை அடிக்கப் போனவனை நான்தான் தடுத்தேன். வாங்குகிறவர்கள் பணம் கட்டுமுன் எந்த வகை என்று படித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் தொல்லையே இல்லை. 8 அடிக்கு 3 அடி கூண்டு, பூட்டு, தெர்மோஸ்டாட்டோடு வெப்பப் பலகை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளக்கிய முயல். கொக்கியால் உடம்பில் லேசாகத் தட்டினால் இன்று சாப்பாடு இல்லை என்று அதற்குப் புரியும். முயலைத் தொட்ட கையோடு கூண்டுப் பக்கம் போகவே கூடாது. தனியாகத் திறக்கவும் கூடாது. சனிக்கிழமைதோறும் ஒரு நண்பர் துணைக்கு வருவார், கூலி பிரியாணி.

2021 பிப்ரவரி 15, திங்கள் விடியற்காலை கரண்ட் போனது. டெக்சாஸையே முடக்கிப் போட்ட அந்தக் குளிர்தான். மதியத்துக்குள் கூண்டின் சூடான மூலையே 90 ஃபாரன்ஹீட்டிலிருந்து 60-க்கு இறங்கிவிட்டது. போதாக்குறைக்குச் சனிக்கிழமைதான் முயல் கொடுத்திருந்தேன். சூடு இல்லாவிட்டால் பாம்புக்குச் செரிக்காது, வயிற்றுக்குள்ளேயே அழுகும். வானிலை எச்சரிக்கை வந்திருந்தும் இரை போட்டது முழுக்க என் முட்டாள்தனம். நண்பரைக் கூப்பிட்டால், சாலையெல்லாம் பனிக்கட்டி, வர முடியாது என்கிறார்.

மனைவியைப் பார்த்தேன். ஒன்றும் பேசாமல் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டாள். தலைப் பக்கம் நான், வால் பக்கம் அவள். தூக்கியதும் வால் அவள் முழங்கையை மெல்லச் சுற்றியது. "ஏங்க, இது என்னைப் பிடிக்குது!" "விழாம இருக்கப் பிடிச்சுக்குதும்மா, இழுக்காதே." குளிரில் கனத்துத் தொங்கிய உடம்பைப் பிளாஸ்டிக் பெட்டியில் இறக்கி, மூடிக்குப் பட்டை கட்டி, துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டில்களோடு காரின் பின்சீட்டில் வைத்தோம். காரை வெளியே நிறுத்தி ஹீட்டரைப் போட்டோம். கராஜுக்குள் காரை ஓடவிடாதீர்கள், அந்த வாரம் அந்தப் புகையிலேயே ஆட்கள் செத்தார்கள். குளிர் காய வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் முன்சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் என்ன என்று கேட்டார். துணி என்றேன்.

கரண்ட் வந்து கூண்டுக்குத் திரும்பிய மறுநாள் முயலைக் கக்கியது. அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. கக்கிய பாம்புக்கு உடனே இரை கொடுத்தால் மறுபடி கக்கும். மூன்று வாரம் வெறும் தண்ணீர், அப்புறம் சின்னதாக ஒரு எலி. அது உள்ளே தங்கிய அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஜெனரேட்டர் வாங்க அலைந்தேன். எந்தக் கடையிலும் இல்லை.