எங்கள் பிரஸ் ஷாப்பில் சங்கம் பதிவு செய்த அனுபவம்

சங்கம் வைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று பக்கத்துக் கம்பெனிப் பையன்கள் இப்போதும் வந்து கேட்கிறார்கள். டீக்கடையில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் பதிவு செய்து பத்து வருடம் இருக்கும், 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ். இப்போது சட்டம் மாறிவிட்டது, அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றபடி நாங்கள் பட்டதில் பெரும்பகுதி இன்றைக்கும் பொருந்தும்.

எங்களுடையது சென்னைக்கு வடமேற்கே ஒரு தொழிற்பேட்டையில் இருக்கும் பிரஸ் ஷாப், அதாவது உலோகத் தகட்டை மெஷினில் அழுத்திப் பாகங்கள் செய்யும் பட்டறை. காருக்கான பிராக்கெட், கீல், சீட்டுக்கு அடியில் வரும் தகடு, இந்த மாதிரி வேலை. பர்மனென்ட் ஆட்கள் நூற்றுச் சொச்சம், கான்ட்ராக்டில் அதைவிட அதிகம். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் ராம், அதாவது மேலிருந்து தகட்டை அழுத்தும் பாகம், கீழே இறங்க வேண்டும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் தகடு வைக்கும் அச்சுக்குள், அதாவது டைக்குள், விரல் போகாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. எங்கள் ஷிப்டில் டார்கெட் முடிய வேண்டும் என்பதற்காக ஒரு பட்டனில் மரச்சில்லைச் செருகி மேலே டேப் சுற்றிவிடுவார்கள். ஒரு கை தகட்டை வைக்கும், மறு கை பட்டனை அழுத்தும். பீஸ் கூடும்.

அப்படித்தான் பி ஷிப்டில் ஒரு தம்பிக்கு ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனது. அப்போதைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இதற்கெல்லாம் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் போனதாக அர்த்தம். இரண்டு கணு என்றால் 11 சதவீதம். விபத்து அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்த் திரும்புவதற்குள் மரச்சில்லும் டேப்பும் மெஷினில் இல்லை. அந்த ஒரு வரியைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை விஷயமும் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. அப்போது இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம் என்றது. எங்களுக்கு ஒற்றைச் சம்பளம்தான் வந்தது. சம்பளச் சீட்டில் ஓ.டி. என்ற பெயரே இருக்காது, 'இன்சென்டிவ்' என்று போட்டிருப்பார்கள்.

யாரோ சொல்லி, பெரம்பூரில் ஓய்வுபெற்ற ஒரு சங்கத் தோழரைப் போய்ப் பார்த்தோம். அவருடைய அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். நாங்கள் ஃபாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டோம். "ஃபாரம் எங்கயும் ஓடிடாது தம்பி. இந்தச் சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க" என்று உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் சொன்னதும், பிறகு நாங்கள் தேடிப் படித்ததும் இல்லாவிட்டால் பாதி வழியிலேயே கலைந்திருப்போம்.

பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாடிக் என்று இரண்டு பெரிய ஆலைகள், பின்னி கம்பெனி நடத்தியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி நெசவாலையில் வளர்ந்த ஆளிடம் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அந்தப் பக்கத்தில் ஒரு பக்தி சபை நடத்திவந்தார்கள். கதை கேட்க வந்த ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் கஷ்டத்தையும் அங்கே சொல்ல ஆரம்பித்தார்கள். அதிலிருந்துதான் 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், கூட நின்றவர் திரு.வி.க. முதலில் கேட்டவற்றில் ஒன்று, பகல் சாப்பாட்டு இடைவேளையைக் கொஞ்சம் கூட்டித் தர வேண்டும் என்பது. நிதானமாகச் சாப்பிட நேரம் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1920-ல் ஆலையைப் பூட்டினார்கள். ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டியதாக வாடியா மேலும் மற்றவர்கள் மேலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் கம்பெனி வழக்குப் போட்டது, தடை உத்தரவும் கிடைத்தது. சங்கத்துக்கென்று எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லாத காலம் அது. வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்ற நிபந்தனையோடு 1921 தொடக்கத்தில் அந்த விவகாரம் முடிந்தது. அதே ஆண்டு மார்ச்சில், தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் வேண்டும் என்று என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். சட்டம் நிறைவேற 1926 ஆனது, நடைமுறைக்கு வந்தது 1927 ஜூன் 1. அதில் 17-ஆம் பிரிவும் 18-ஆம் பிரிவும்தான் எனக்கு உயிர்நாடி. தொழில் தகராறுக்காகப் பதிவான சங்கத்தின் உறுப்பினர்கள் கூடி முடிவெடுத்தால் அதையே குற்றச் சதி என்று வழக்குப் போட முடியாது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் சிவில் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. வாடியாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்று எழுதிய மாதிரியே இருக்கும்.

இன்னொன்றையும் தோழர் மறைக்காமல் சொன்னார். 1921-ல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். அது புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக வெடித்தது. குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, வேலைநிறுத்தமும் தோற்றது. யார் மேல் தப்பு என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், வறுமையிலும் ஒதுக்கலிலும் இருந்தவர்களைச் சங்கம் முதலிலேயே தன் மடியில் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் நிற்க அவர்களிடம் என்ன இருந்தது? எங்கள் ஷாப்பில் அந்தப் பிளவு பர்மனென்ட், கான்ட்ராக்ட் என்ற உருவத்தில் இருந்தது. ஒடிசா, பீகார் தம்பிகள் தனியாகச் சாப்பிடுவார்கள், தனியாகப் போவார்கள். ஆபத்தான பிரஸ் எல்லாம் அவர்கள் கையில்தான். அதனால் சங்க விதியில் கான்ட்ராக்ட் ஆட்களும் உறுப்பினராகலாம் என்று எழுதினோம். அதற்கும் சட்டத்தில் இடம் இருந்தது. தகராறு எந்த முதலாளியோடு நடக்கிறதோ அவரிடம் வேலை பார்க்காவிட்டாலும், அந்தத் தொழிலில் இருப்பவர் தொழிலாளிதான் என்று 2-ஆம் பிரிவு சொன்னது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

கம்பெனிக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். பொதுக்குழு, தீர்மானம், நிர்வாகிகள் தேர்வு எல்லாவற்றையும் மினிட் புக்கில் தேதியோடு எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினோம். விதிகள் எழுதுவதுதான் நேரம் பிடித்த வேலை. சங்கத்தின் பெயர், நோக்கம், பணத்தை எதற்குச் செலவழிக்கலாம், யாரைச் சேர்ப்பது, நிர்வாகிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி நீக்குவது, கணக்குத் தணிக்கை, விதியை மாற்றுவது, சங்கத்தைக் கலைப்பது என்று 6-ஆம் பிரிவு கேட்கும் ஒவ்வொன்றும் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஃபைல் திரும்பி வரும். சந்தா எங்கள் மாதிரி ஆலைக்கு அப்போது வருடத்துக்குக் குறைந்தது 12 ரூபாய். வெளியாட்கள் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதற்கு மேல் இருக்கக் கூடாது. பெரம்பூர்த் தோழரைக் கௌரவத் தலைவராகப் போட்டோம்.

குறைந்தது ஏழு பேர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 2001-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கே வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேர் அந்தத் தேதியில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். ஏழு பேர் போதும் என்று பலர் ஏழோடு நிறுத்திவிடுகிறார்கள். தோழர் விடவில்லை. விண்ணப்பம் கொடுத்த பிறகு, பதிவு ஆவதற்கு முன்னால் சிலர் விலகினாலும் விண்ணப்பம் செல்லும், ஆனால் விலகுபவர்கள் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று 4-ஆம் பிரிவில் இருந்தது. ஏழு பேரில் நாலு பேரை மிரட்டிவிட்டால் கதை முடிந்தது. அறுபது பேர் போட்டிருந்தால் முப்பது பேர் வரை போனாலும் தாங்கும். அதனால் தைரியமாக வந்தவர்கள் எல்லாரையும் விண்ணப்பத்திலேயே கையெழுத்துப் போட வைத்தோம். எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

விண்ணப்பம் போன கொஞ்ச நாளில், இவர்கள் உங்கள் ஆட்கள்தானா என்று கேட்டு, சங்கங்களைப் பதிவு செய்யும் பதிவாளர் அலுவலகத்திலிருந்து நிர்வாகத்துக்குக் கடிதம் போய்விட்டது. முதலாளியைக் கேட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் கிடையாது. கூடுதல் விவரம் வேண்டுமானால் சங்கத்திடம்தான் கேட்க வேண்டும். ஆனால் பட்டியல் கைக்கு வந்த மறுவாரமே ஆட்டம் தொடங்கிவிட்டது. செயலாளருக்கு வேறு ஊர் யூனிட்டுக்கு டிரான்ஸ்ஃபர். இரண்டு பேருக்குச் சார்ஜ் ஷீட். சூப்பர்வைசர்கள் சாயங்காலம் வீடு வீடாகப் போனார்கள். ஒரு தம்பியின் அம்மாவிடம், "உங்க பையன் நல்ல பையன்ம்மா, சேர்க்கை சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் பழப்பையை வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். 'எனக்குத் தெரியாமல் என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்' என்று ஒரே எழுத்தில் டைப் அடித்த கடிதம், கையெழுத்துக்கு மட்டும் கோடு விட்டு.

சிலர் அதில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைத் திட்டக் கூடாது, பேச்சை நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். தங்கச்சி கல்யாணக் கடன் இருப்பவனிடம் வீரம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அடுத்த ஞாயிறு வீட்டுப் பெண்களையும் கூட்டத்துக்கு அழைத்தோம். விரல் போன தம்பியின் மனைவி எழுந்து, ராத்திரி ஷிப்ட் முடிந்து அவன் வரும்வரை தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு விலகல் கடிதம் ஒன்றுகூடப் போகவில்லை.

ஃபைல் நகரவே இல்லை. நேரில் போய்க் கேட்டால் 'பார்க்கிறோம்' என்பார்கள். அதற்குப் பிறகு வாயால் கேட்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கினோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்டோம். வேறொரு சங்கத்தின் பெயரோடு ஒத்துப்போகிறது என்று ஒரு கேள்வி வந்தது, பெயரில் ஒரு சொல் சேர்த்துத் திருத்தினோம். இந்த இழுபறி எங்களோடு போன விஷயம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் அவர்கள் சங்கம் பதிவானது. ஏழு பேர் கூடினால் பதியலாம் என்று சொல்லும் சட்டத்துக்கு இது அழகா?

சான்றிதழ் கையில் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. சான்றிதழ் இருந்தாலும் நிர்வாகம் உங்களோடு உட்கார்ந்து பேசியே தீர வேண்டும் என்று 1926 சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதற்காக 1947-ல் ஒரு திருத்தம் நிறைவேறியும் கடைசிவரை அமலுக்கு வரவே இல்லை. ஆகவே நாங்கள் தாமதிக்காமல் கோரிக்கைப் பட்டியல் கொடுத்தோம், பதில் இல்லை என்றதும் தொழில் தகராறாக எழுப்பி, அரசின் சமரச அதிகாரி முன்னால் நடக்கும் சமரசப் பேச்சுக்குக் கொண்டுபோனோம். சமரசம் நடக்கும்போது தகராறுக்கு உட்பட்ட வேலை நிலைமைகளை நிர்வாகம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தின் 33-ஆம் பிரிவு தடுத்தது. பேச்சுவார்த்தை சமரச அதிகாரியின் அலுவலகத்தில் நடந்ததால், எதிரே உட்கார மாட்டேன் என்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

ஒப்பந்தத்தை அதே சட்டத்தின் 18(1)-ஆம் பிரிவில் போடலாம் என்று நிர்வாகம் சொன்னது, நாங்கள் 12(3) என்று நின்றோம். 18(1) என்றால் கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும்தான் கட்டுப்படுத்தும். 12(3) சமரச அதிகாரி முன்னால் போடுவது, அந்த ஆலையின் தொழிலாளர்கள் எல்லாருக்கும், நாளை சேர்பவனுக்கும் சேர்த்துச் செல்லும். ஓ.டி.க்கு இரட்டிப்பு வந்தது, சம்பளச் சீட்டில் அதன் சொந்தப் பெயரிலேயே. செயலாளர் திரும்பி வந்தார். பிரஸ்களின் வயரிங்கை மாற்றினார்கள். ஒரு பட்டன் அழுந்தியே இருந்தால் அடுத்த ஸ்ட்ரோக் விழாது, இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். இப்போது சில்லைச் செருகினாலும் மெஷின் நின்றுவிடும். சம்பள உயர்வை விட எனக்குப் பெரியது இது.

புதிய சட்டத்துக்கு வருகிறேன். 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது, 1926 சட்டத்தின் இடத்தில் இனி அதுதான். ஏழு பேர், 10 சதவீதம் அல்லது 100 பேர் என்ற கணக்கு அதிலும் இருக்கிறது. அங்கீகாரத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள்: பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் ஆள் பதிவேட்டில், இருக்கும் தொழிலாளர்களில் குறைந்தது 51 சதவீதம் பேர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ அதனோடுதான் பேச்சுவார்த்தை. வேலைநிறுத்தத்துக்கு எல்லா ஆலைகளிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஆக்கியிருப்பதை நான் ஏற்கவில்லை. விரல் போன மறுநாள் மெஷினை நிறுத்த நினைப்பவன் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டுமா?

அந்த மஸ்டர் ரோல்தான் இப்போது எங்கள் கவலை. கான்ட்ராக்ட் தம்பிகள் பெயர் கான்ட்ராக்டரின் பதிவேட்டில் இருக்கும், கம்பெனியின் பதிவேட்டில் இருக்காது. கணக்கெடுக்கும் நாளில் அவர்களை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண், கேட் பாஸ் நகல், எந்த மெஷினில் எத்தனை வருடம் என்று ஒவ்வொருவருக்கும் தனி ஃபைல் போட்டு வருகிறோம். புதிதாகச் சங்கம் வைப்பவர்கள் முதல் கூட்டத்திலிருந்தே இதையும் சேர்த்துச் செய்யுங்கள்.