நாலு விசில்

"பருப்பு வெச்சிருக்கேன். நாலு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி பல் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாள். பதினொரு மணிக்கு எனக்கு ஆபீஸ் மீட்டிங், வீட்டிலிருந்தே. மாடி டேங்குக்கு மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் ஒரு வேலையா? எங்கள் நாகர்கோவில் பக்கம், இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துச் சொல்லி சதாவதானி ஆனவர். அவதானம் என்றால் லேசில்லை. வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்கள், கணக்குக் கேட்பார்கள், நடுவில் ஒருவர் மணி அடிப்பார், இன்னொருவர் முதுகில் கல் எறிவார். எத்தனை மணி, எத்தனை கல் என்று கடைசியில் சொல்ல வேண்டும். அந்த மண்ணில் பிறந்தவனுக்கு நாலு விசிலை எண்ண வராதா?

இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேனேஜர் எக்செல் ஷீட்டை வரி வரியாக வாசித்தார். (மெயிலில் அனுப்பியிருந்தால் நாங்களே படித்திருப்போம்.) முதல் விசில் வந்தது. "எத்தனை ஆச்சு?" என்று மனைவியிடமிருந்து வாட்ஸ்அப். மேனேஜரின் முகத்தைப் பார்த்தபடியே "ஒண்ணு" என்று தட்டி அனுப்பினேன். போய் விழுந்தது ஆபீஸ் குரூப்பில்.

"பாக்கி ஒரே ஒரு பிழைதானா? போன வாரம் ஏழு இருந்ததே, வெரி குட்!" என்றார் மேனேஜர். மறுக்க மனசு வரவில்லை.

இரண்டு. மூன்று. அதற்குள் கீழ்வீட்டு அக்கா, "தம்பி, தண்ணி கொட்டுது!" என்று சத்தம் போட்டார். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். கம்ப்யூட்டர்கூட ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது விட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டுதான் தாவும். நான் எங்கே குறித்தேன்? வந்தது மூன்றா, நான்கா என்று யோசிக்கும்போதே இன்னொரு விசில். சரி, இது நான்குதான் என்று முடிவுகட்டி அடுப்பை அணைத்துவிட்டு, பாவலரின் வாரிசாகவே வந்து உட்கார்ந்தேன்.

ஐந்தாவது விசில் அடித்தது.

சமையலறையை எட்டிப் பார்த்தேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. இயர்போனைக் கழற்றினேன், சத்தம் இல்லை. மறுபடி மாட்டினேன்.

"சாரி, ஒரு நிமிஷம். குக்கர்..." என்று மேனேஜர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

எங்கள் குக்கரைத் திறந்தேன். பருப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணிப் பார்க்க வசதியாகக் கிடந்தது.