கன்று வீசிய மாடு

ஜூன் 3
ஏழு மாதச் சினை, ஜெர்சிக் கலப்பினம். விடியற்காலையில் கன்று வீசிவிட்டது, அதாவது மாதம் நிறையும் முன்பே கரு வெளியே வந்துவிட்டது. நான் கட்டுத்தறிக்குப் போய்ச் சேர்வதற்குள் மாட்டு வீட்டு அக்கா வெறுங்கையாலேயே நஞ்சுக்கொடியைப் பாதி இழுத்து எடுத்திருந்தார். கடைசி மூன்று மாதச் சினையில் வீசினால் எனக்கு முதல் சந்தேகம் மாட்டைக் கன்று வீசவைக்கும் புருசெல்லா என்ற பாக்டீரியா மேல்தான். கொடியிலும் கருப்பை நீரிலும் அந்தக் கிருமி ஏராளமாக இருக்கும், கையில் சின்னக் கீறல் இருந்தாலே ஆளுக்குத் தொற்றிவிடும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொன்னேன். கன்றையும் கொடியையும் சுண்ணாம்பு போட்டு ஆழக் குழியில் புதைத்தோம். தறியில் இருந்த எல்லா மாட்டுக்கும் கழுத்தில் ரத்தம் எடுத்தேன்.

ஜூன் 4
ரோஸ் பெங்கால் சோதனை, புருசெல்லா தொற்றினால் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைத் தேடுவது. தட்டில் ஒரு சொட்டு சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்), அதே அளவு இளஞ்சிவப்பு ஆன்டிஜென் (சாயமேற்றிய, கொன்ற புருசெல்லாக் கிருமி). கலக்கி நான்கு நிமிடம் தட்டைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினேன். திரியவில்லை; திரிந்தால்தான் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் இதை நம்பி விட்டுவிட முடியாது. வீசிய கையோடு எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் இன்னும் ஏறாமல் இருக்கலாம். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். அதுவரை மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 26
இன்று திரிந்தது. ஒரு நிமிடத்துக்குள் தட்டில் பொடிப்பொடியாகப் பிரிந்துவிட்டது. உறுதிப்படுத்த சீரத்தை எலைசா என்ற ஆய்வகச் சோதனைக்கு அனுப்பினேன்.

ஜூலை 2
எலைசாவும் பாசிட்டிவ்.
"சந்தைக்கு ஓட்டிடறோம் சார், வேற என்னங்க பண்றது?" என்றார் வீட்டுக்காரர். கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. இந்த மாட்டுப் பாலில்தான் வீட்டுச் செலவு ஓடுகிறது. நோய் மாட்டுக்கு ஈடாகக் கையில் காசு கொடுத்தால்தான் அது அடுத்த ஊர்த் தறிக்குப் போகாது. அதைச் செய்யாமல் சோதனை மட்டும் செய்தால் நோயை நாமே பக்கத்து ஊருக்கு ஓட்டிவிடுகிறோம். ரொம்ப நேரம் பேசினேன். தனிக்கொட்டகை போட்டுக் கட்டிவைக்க ஒத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அக்கா சொன்னார், பத்து நாளாகச் சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பு வலி என்று. டைபாய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மாடு கன்று வீசியதை டாக்டரிடம் யாருமே சொல்லவில்லை. அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 9
அவருக்கும் புருசெல்லாதான். டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின், ஆறு வாரம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தக் கூடாதென்று மகனிடமும் சொல்லியிருக்கிறேன்.

நாளை அந்தத் தெருவில் நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி. உயிருள்ள கிருமியில் செய்த மருந்து. கையுறை, கண்ணாடி இல்லாமல் உதவியாளர் யாரும் ஊசியைத் தொடக்கூடாது.